ஒரு மூலையில் ஒரு நைட்ரஜன்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வடக்கே மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடம். தெற்கே, அடையாற்றைத் தாண்டினால் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. இரண்டையும் சேர்த்து நினைக்கவைப்பவர் உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகிவிட நினைத்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சகோதரர்கள் இருவரை ஸ்புரூ என்ற குடல்நோய் கொண்டுபோயிற்று. அவரையும் அது பிடித்து ஆட்டியது. 1923-இல் ஹார்வர்டு போனார். 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே அவர் குழு துரத்திய பொருள் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின், இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற மாத்திரையில் இருப்பது. 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்தும் கையில் கிடைத்தது மிகச் சொற்பம். ஆகவே ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். லெடர்லே வேதியியலாளர்கள் 1945-இல் அதைச் செய்தார்கள். பைரிமிடின் வளையம் ஒன்று, புரோமின் ஏறிய ஆல்டிஹைடு ஒன்று, குளுட்டாமிக் அமிலம் சேர்ந்த துண்டு ஒன்று: மூன்றும் ஒரே பாத்திரத்தில் வினைபுரிந்து டெரிடின் வளையம் உருவானது. ஒட்டிய இரண்டு அறுகோணங்கள், பத்து அணுக்கள், அவற்றில் நான்கு நைட்ரஜன். உடலின் நொதிகள் மூலக்கூறைப் பற்றிக்கொள்வதில் இந்த நைட்ரஜன்களுக்கும் பங்குண்டு. ஃபோலிக் அமிலம் ஸ்புரூவுக்கும் மருந்தானது. சகோதரர்களைப் பறிகொடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதைவிடப் பெரிய வேலை அடுத்தது. டெரிடின் வளையத்தின் ஒரு மூலையில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதியை, அதாவது இன்னொரு நைட்ரஜனை வைத்தார்கள். தொடக்கப் பொருளான பைரிமிடினில் மூன்று அமினோவுக்குப் பதில் நான்கு இருந்தால் போதும், மற்ற வினை அதேதான். பிறந்தது அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்தைக் கையாளும் நொதி இதை வைட்டமினென்றே நம்பி ஏற்கிறது, பிறகு விடுவதில்லை. டி.என்.ஏ. கட்டுவதற்கான பொருள் வரத்து நிற்கிறது. புற்றுநோய் செல்களைப் போல வேகமாகப் பெருகுபவையே முதலில் விழும்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். பத்துப் பேர் தேறினார்கள், தற்காலிகமாகத்தான். ஆனால் அதுவரை மருந்தால் அப்படித் தேறியவர்கள் இல்லை. 1948 ஜூனில் முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார், வயது 53.

அமினோப்டெரினில் ஒரு மீத்தைல் சேர்ந்தால் மெத்தோட்ரெக்சேட். இன்றும் குழந்தைகளின் லுக்கீமியாவுக்கு அது இன்றியமையாதது. முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள், மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் விழுங்கிவிட்டால் எலும்பு மஜ்ஜை செத்துப் போகும், உயிரே போகலாம். மருந்துச் சீட்டை இரண்டு தடவை படியுங்கள். அதே சீட்டில் மற்றொரு நாளுக்கென ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதியிருப்பார் டாக்டர்.