தாழ்ப்பாள் திறக்கும் நாய்க்குட்டி

கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கொள்கலன் வாகனங்களின் இரைச்சல் பண்டமாரானுக்குப் புதிதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான இவ்வூரில் இன்று வீடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. காலையில் பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், பல வீடுகளில் எஞ்சியிருப்பது நாய்க்குட்டி மட்டுமே. இரும்புக் கதவின் இடுக்கில் அது நுழைந்து வெளியேறினால் சில அடி தூரத்தில் சாலை வந்துவிடும். சாலையில் அடிபடாமல் தப்பினாலும், தெருவில் திரியும் நாய் என்று கருதி ஊராட்சி மன்றப் பணியாளர்கள் அதைப் பிடித்துச் செல்லக்கூடும்.

குட்டி மந்தமானதாக இருந்தால் ஒரு சாதாரணத் தடுப்பே போதும். சுறுசுறுப்பும் அறிவும் மிக்க குட்டியை அடைத்து வைப்பதுதான் கடினம். காலையில் பூட்டிய தடுப்புவேலி மாலையில் திறந்து கிடக்கும். குட்டியோ நாற்காலியின் மேல் படுத்திருக்கும். அது எப்படித் திறந்தது?

இந்தக் கேள்விக்கான விடையை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898ஆம் ஆண்டிலேயே தேடினார். மரச்சட்டங்களால் ஆன பெட்டிகளைச் செய்து, பசியுடன் இருந்த பூனைகளை அவற்றுள் அடைத்தார். உணவு வெளியே இருந்தது. உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். பூனைகள் முதலில் பிறாண்டின, கடித்தன, இடுக்கில் தலையை நுழைத்தன. அந்தப் போராட்டத்தின் நடுவே தற்செயலாகக் கயிறு இழுபட்டுக் கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வெளியேறும் நேரம் படிப்படியாகக் குறைந்தது. முடிவில் உள்ளே விட்ட சில நொடிகளிலேயே அவை கயிற்றை இழுத்துவிட்டு வெளியே வந்தன. நாய்களைக் கொண்டும் அவர் இத்தகைய சோதனைகளைச் செய்தார். தாழ்ப்பாள் எப்படி இயங்குகிறது என்று விலங்கு ஆராய்ந்து பார்ப்பதில்லை. பலன் தந்த செயல் அதன் பழக்கத்தில் தங்கிவிடுகிறது, பலன் தராதது மறைந்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். இது ‘விளைவு விதி’ எனப்படுகிறது.

பண்டமாரான் வீட்டில் நடப்பதும் இதுவே. ஒரு முறை மூக்கால் தட்டியபோது கொண்டி நகர்ந்துவிட்டால், மறுநாள் அந்த இடத்தைத்தான் குட்டி முதலில் தட்டும். எனவே, தப்பிய பிறகு ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருப்பதைவிட, அதன் முதல் வெற்றியைத் தடுப்பதே எளிது. தாழ்ப்பாளைக் குட்டிக்கு எட்டாதபடி வேலியின் வெளிப்புறத்தில் பொருத்த வேண்டும். ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் வைத்தால் இன்னும் நல்லது. குறுக்குக் கம்பிகள் உள்ள வேலி குட்டிக்கு ஏணியாகிவிடும். நேர்க்கம்பி வேலியில் கால் பதிக்க இடமில்லை. வேலியை ஒட்டிப் பெட்டியோ நாற்காலியோ இருக்கக்கூடாது. வெளிக்கதவின் இடுக்குகளைக் கம்பிவலையால் மறைக்க வேண்டும். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடலாம். நுழையாமல் சிக்கிக்கொள்வது அதைவிடவும் ஆபத்து. கதவுக்கு அடியில் ஓடும் கால்வாயைப் பலர் மறந்துவிடுகின்றனர். குட்டி அதை மறப்பதில்லை.

சங்கிலியால் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். ஆளில்லாத வீட்டில் சங்கிலி நாற்காலிக் காலில் சுற்றிக் கழுத்தை இறுக்கக்கூடும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு ஏற்ற சூழலையும் உணவையும் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காலை எட்டு மணிக்கு நிழலாக இருக்கும் முன்வாசல், பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் காயலாம். ஆகவே, வீட்டினுள் காற்றோட்டமான இடமே ஏற்றது. எளிதில் கவிழாத கனமான பாத்திரத்தில் நீர் வைக்க வேண்டும். மின்கம்பிகள் அருகில் இருக்கக்கூடாது. கிள்ளானில் பிற்பகல் இடி மழை வழக்கமானது. இடிக்கு அஞ்சும் குட்டி வேலியை முட்டித் தள்ள முயலும் என்பதால் அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பது நல்லது.

மூன்று மாதக் குட்டியால் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். காலை ஏழு மணிக்கு அடைத்துவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குத் திறப்பது அதற்குத் தண்டனைதான். நண்பகலில் பாட்டியோ பக்கத்து வீட்டாரோ ஒரு முறை வந்து பார்ப்பது எந்தத் தாழ்ப்பாளையும்விடப் பயனுள்ளது.

வேலை இல்லாத மூளைதான் தாழ்ப்பாளைத் தேடுகிறது. எனவே, வீட்டை விட்டுப் புறப்படுமுன் குட்டியை விளையாட விட்டுக் களைப்படையச் செய்யலாம். காலை உணவின் ஒரு பகுதியை, ரப்பரால் ஆன உறுதியான உணவுப் பொம்மைக்குள் திணித்து வைக்கலாம். அதை வெளியே எடுக்க முயல்வதே குட்டிக்கு ஒரு புதிர். நாய்க்குட்டியின் 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் மாதங்களில் எதையாவது கடித்தே ஆக வேண்டும் என்று அதற்குத் தோன்றும். கடிக்கப் பொருள் கொடுக்காவிட்டால் காலணியைத் தேடிக்கொள்ளும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடைத்த உடனே குட்டி அழுவதுண்டு. அழுதவுடன் திறந்துவிட்டால், அழுகையே கதவைத் திறக்கும் கயிறு என்று அது கற்றுக்கொள்ளும். முதலில் இரண்டு நிமிடம், பிறகு பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் என விடுமுறை நாள்களிலேயே தனிமையைப் பழக்கிவிட வேண்டும். அப்படியும் எச்சில் வடிய நடுங்கினாலோ, கம்பியைக் கடித்து வாயில் இரத்தம் வந்தாலோ, அது பிடிவாதமன்று, அச்சம். அப்போது கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குட்டி ஒருநாள் தப்பிவிடலாம். அது திரும்பி வரும்போது அடிப்பது பலர் செய்யும் தவறு. வேலியைத் தாண்டியது சில மணி நேரத்துக்கு முன் நடந்தது. அடி விழுவதோ வீட்டுக்குள் வந்தவுடன். இரண்டையும் குட்டியால் இணைத்துப் பார்க்க இயலாது. வீட்டுக்குத் திரும்பினால் அடி விழும் என்பதையே அது கற்கும். அடுத்த முறை தெருமுனையில் நின்றபடி, கூப்பிட்டாலும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கும். உணவு டப்பாவை அசைத்து ஒலியெழுப்பி, வந்தவுடன் ஒரு வாய் உணவு கொடுத்து, அதன் பிறகு அது எந்த வழியாக வெளியேறியது என்று தேடுவதே முறை.