ஜால்ராவில் தெரியும் வித்தியாசம்

தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பதிவுசெய்து, குறைந்த பிட்ரேட்டில் எம்பி3 ஆக்கினால் முதலில் கெடுவது ஜால்ராதான். ஆர்மோனியமும் பாட்டும் ஏறக்குறைய அப்படியே கேட்கும். ஜால்ராவோ கணீரென்று ஒலிக்காமல், தண்ணீர் சலசலப்பதுபோலக் குழைந்துவிடும். காது கவனிக்காது என்று கணக்கிட்ட ஒலிகளை நீக்கித்தான் எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்கிறது. சட்டென்று விழும் உலோக அடியில் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. அடி விழுவதற்குச் சற்று முன்பே மெல்லிய இரைச்சல்கூட எழுந்துவிடும்.

1982இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த சிடியில் இந்தச் சிக்கல் இல்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மாதிரி எண்ணிக்கையில் பாதிவரையுள்ள அதிர்வெண்களை அதிலிருந்து மீட்டுவிடலாம். காது கேட்பதோ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், அதுவும் இளம் வயதில். ஆனால் ஐந்து நிமிடப் பாட்டு 53 எம்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். 128 கிலோபிட் எம்பி3க்கு 5 எம்பி போதும். 2001இல் வந்த ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம் இதற்கு வழி கண்டது. பாத்திரக் கடையில் குண்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதுபோல, எதையும் தூக்கிப் போடாமலே அளவை ஏறக்குறையப் பாதியாக்கியது.

சிடி தரத்துக்கும் மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கும் 'ஹை-ரெஸ்' பற்றித்தான் ஓயாத வாக்குவாதம். மேயர், மொரான் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற ஹை-ரெஸ் வட்டுகளின் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறையில் சரியான விடை 276. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு தேறும். பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த ஜோஷுவா ரைஸ், மிகச் சிறிய வித்தியாசம் பிடிபடுகிறது என்று 2016இல் எழுதினார். விலை கொடுக்கும் அளவுக்கு அது பெரிதா என்பது வேறு கேள்வி.

24 பிட்டின் மெய்யான பயன் பதிவுசெய்யும் இடத்தில் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் முணுமுணுத்துக்கொண்டே இருந்து திடீரென்று குரலை உயர்த்துவார். அதற்கு இடம்விட்டு ஒலியளவைத் தாழ்த்திப் பதிந்து, பிறகு ஏற்றிக்கொண்டாலும் 16 பிட்டில் ஏறும் அளவுக்கு இரைச்சல் ஏறாது. ஒலிக் காப்பகங்கள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சேமிப்பதும் வழக்கமாகிவிட்டது. பழைய கேசட்டை அந்தத் தரத்தில் ஏற்றினால் கேசட்டில் இருந்ததுதான் வரும், இல்லாதது முளைக்காது.

புது வடிவம் ஒன்று வந்து ஃப்ளாக்கை ஓரங்கட்டும் அறிகுறி இல்லை. உரிமக் கட்டணத்தோடு வந்த எம்க்யூஏ என்ற ஹை-ரெஸ் வடிவத்தின் நிறுவனம் 2023இல் நொடித்தது. அதை நம்பியிருந்த டைடல் என்ற இசைச் சேவையும் ஃப்ளாக்குக்கு மாறிவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. மிச்சமுள்ள முட்டுக்கட்டை புளூடூத். சுருக்காத சிடி ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். சோனியின் எல்டாக் முறைக்கு உச்சமே 990. செல்பேசிவரை முழுசாக வந்த பாட்டு, காதுக்குப் போகும் கடைசி முழத்தில் பெரும்பாலும் வெட்டுப்படுகிறது. அதைத் தவிர்க்கத்தான் யூஎஸ்பி-சி துளையில் எண்களை ஒலியலையாக மாற்றும் விரல் நீள டாக் ஒன்றைச் செருகி, ஒயர் வைத்த இயர்போனில் கேட்கிறார்கள் சிலர்.