குளிரும் மயக்கமும்: பறவையின் ஒரு துளி இரத்தம்

திருவனந்தபுரத்திலிருந்து விதுர வழியாக மலையேறுவோர் போனக்காட்டை அடைவர். பழைய தேயிலைத் தோட்டம். தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்த லயங்கள். அப்பால் 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே, இம்மலைத்தொடரில் மட்டுமே வாழும் சிலம்பன் ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டில் வி. வி. ராபின் முதலிய ஆராய்ச்சியாளர், மரபணுச் சான்றுகொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைச் சிலம்பன்களையும் சோலைக்கிளிகளையும் இரு புதிய பேரினங்களாக வகுத்தனர்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு இறக்கையின் இரத்தக் குழாயிலிருந்து எடுக்கும் ஒரு துளியே போதும். காரணம் எளிது. நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை. பறவையின் சிவப்பணுவில் உண்டு. வீட்டுக் கோழியின் இரத்தத்தை நுண்ணோக்காடியில் வைத்தாலும் நீள்வட்ட அணுவும் அதன் நடுவே கரும்புள்ளியும் தெரியும். அதுமட்டுமன்று, பிராணவாயுவைக்கொண்டு ஆற்றல் விளைவிக்கும் 'மைட்டோகாண்ட்ரியா' என்னும் உலைகளும் அதனுள் இயங்குகின்றன.

உலை எரியுமிடத்தில் பொறி பறப்பது இயல்பு. பிராணவாயுவின் சிறு பகுதி நிலைகொள்ளாத வடிவங்களாகத் திரிந்து, அணுவின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்குகிறது. அவற்றுள் ஒன்றை அடக்கும் நொதியை மக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் வெளியிட்டனர். பறவைக்கு யூரிக் அமிலமும் ஒரு காவல். தாக்குதல் காவலை விஞ்சுவதையே ஆக்சிகரண நெருக்கடி என்கிறோம்.

குளிர் இதை எவ்விதம் மாற்றும்? இங்கே இரு குளிர்களை வேறுபடுத்தல் வேண்டும். உயிருள்ள பறவை, மலைக்குளிரிலும் ஏறத்தாழ 41 டிகிரி உடல் வெப்பத்தைக் காக்க நடுங்குகிறது. பிராணவாயுச் செலவு பெருகுகிறது. பொறிகளும் பெருக இடமுண்டு. குழாயிலுள்ள இரத்தத்துக்கோ குளிர் நேர்மாறானது. வெளியே எடுத்த பின்னும் அணுக்கள் உயிருடன் இயங்குகின்றன. பனிக்கட்டியின் குளிர் அவ்வியக்கத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் பாதுகாப்பின்றி உறையவைத்து உருக்கினால் சிவப்பணு வெடித்து, உள்ளிருப்பது வெளியே கலந்துவிடும். பின் எந்த எண்ணை நம்புவது?

மயக்க மருந்தின் கதை இன்னும் சிக்கலானது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதால் மயக்க வாயு விரைந்து பற்றும். பற்றியதும் நடுக்கம் அடங்கும். சிற்றுடல் வெகுவிரைவில் குளிரும். ஆகவே அறுவைமேசையில் வெப்பமூட்டாவிடில் மாற்றம் மருந்தால் வந்ததா, குளிரால் வந்ததா என்று சொல்ல இயலாது. மயக்க வாயுவைப் பெரும்பாலும் தூய பிராணவாயுவில் கலந்தே தருவர். அதுவும் பொறிக்கு எண்ணெய். மயக்காமல் பிடித்தாலோ, மூன்று நிமிடங்களுக்குள்ளேயே அச்சத்தின் சுரப்பு இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது.

எனவே வலையிற் பட்ட சிறு பறவையிடம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இரத்தம் எடுக்காமல், கையில் எடுத்த நேரத்தையும் குழாய் எங்கே வைக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொண்டே நல்ல ஆய்வாளர் அதைப் பறக்கவிடுகின்றனர். அந்தக் குறிப்பேடு இல்லாத துளி, போனக்காட்டுச் சிலம்பனைப் பற்றிப் பேசுகிறதா, பனிப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறதா என்று யாரும் கூறவியலாது.