பவளத்துக்குத் தீனி போட்டால் கூடு வளருமா?

போன எபிசோடில் பவளப்பாறைகள் வெளுத்துப்போவதைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைக் கேட்ட ஒரு நேயர் இப்படி எழுதியிருந்தார்: "பவளமும் ஒரு விலங்குதானே? நல்லா தீனி கிடைச்சா வேகமா வளராதா?" சின்னக் கேள்விதான். ஆனா பதில் சொல்லணும்னா பவளம் தன் கூட்டை எப்படிக் கட்டுது, அதுக்கு என்னென்ன வேணும், வளர்ச்சின்னு நாம எதைச் சொல்றோம்னு மூணு விஷயத்தையும் பார்த்தாகணும். இன்றைய எபிசோடு முழுக்க அதுதான்.

கூடு கட்டுவது செலவு பிடிக்கிற வேலை

கல் பவளம்னு நாம சொல்றது பெரும்பாலும் ஒற்றை உயிர் இல்ல. பாலிப் எனப்படும் சின்னச் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொரு பாலிப்பும் தன் அடிப்பக்கத்தில் அரகோனைட் என்ற ஒரு வகைச் சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே மேலே ஏறும். உயிருள்ள தசை மெல்லிய போர்வை மாதிரி மேலே மட்டும்தான் இருக்கும். அதுக்குக் கீழே இருப்பதெல்லாம் கட்டி முடித்துவிட்டுக் காலி செய்த பழைய மாடிகள்.

கடல்நீரில் கால்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா அது தானாக வந்து கூடாகிவிடாது. தசைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி, அதில் கொஞ்சம் திரவம் இருக்கு. பவளம் அந்தத் திரவத்துக்குள் கால்சியத்தை இழுத்துவிட்டு, அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். வெளியே கடல்நீரின் பிஹெச் அளவு 8.1ன்னா உள்ளே 8.5 வாக்கில் இருக்கும். அப்போதான் சுண்ணாம்பு நல்லா படியும். நம்ம வீட்டு மோட்டாருக்குக் கரண்ட் வேணும்கிற மாதிரி, இந்த இழுப்புக்கும் தள்ளலுக்கும் ஆற்றல் வேணும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருது?

வெளிச்சம் சோறு, பிளாங்க்டன் பருப்பு

பவளத்தின் தசைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருக்கு. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடும். பல பவளங்களுக்கு அன்றாட ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரைகூட இப்படியே கிடைத்துவிடும். இதனால்தான் பகலில் கூடு வேகமாக வளருது. தாமஸ் கோரோ என்ற ஆய்வாளர் 1950களில் ஜமைக்காவில் கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி இதை அளந்து காட்டினார். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெளிச்சத்தில் கூடு கட்டும் வேகம் இருட்டில் இருப்பதைவிட ஏறக்குறைய 3 மடங்கு.

அப்போ வெளிச்சம் மட்டும் போதுமா? போதாது. சர்க்கரை வெறும் சோறு மாதிரி. வயிறு நிறையும், உடம்பு தேறாது. தசை வளரப் புரதம் வேணும், புரதத்துக்கு நைட்ரஜன் வேணும். கூடும் வெறும் சுண்ணாம்பு இல்ல. புரதமும் சர்க்கரையும் கலந்த ஒரு நுண்ணிய சாரத்தின் மேல்தான் சுண்ணாம்புப் படிகங்கள் அடுக்கப்படுது. சாரம் கட்டாமல் மாடி எழுப்ப முடியாதில்லையா?

இந்தப் பருப்புக்காகத்தான் பல பவளங்கள் ராத்திரியில் வேட்டைக்காரர்களாகிவிடும். பாலிப்புகள் தங்கள் கைகளை நீட்டி, கொட்டும் செல்களால் தண்ணீரில் மிதந்துவரும் பிளாங்க்டன்களைப் பிடிச்சுச் சாப்பிடும். மொனாக்கோவில் உள்ள அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவளத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிக்கு இயற்கையான பிளாங்க்டன் தீனி, இன்னொரு பகுதி பட்டினி. 2003இல் வெளியான முடிவு: தீனி கிடைத்தவற்றில் கூட்டின் வளர்ச்சி 30 சதவீதம் அதிகம், தசை வளர்ச்சியோ 2 முதல் 8 மடங்கு அதிகம். ஆக, நேயர் கேட்டதுக்கு முதல் பதில், ஆமாம், தீனி போட்டால் வளரும்.

கஷ்டகாலத்தில் இந்தத் தீனி இன்னும் முக்கியம். ஹவாயில் உள்ள மாண்டிபோரா கேபிடேட்டா என்ற பவளம் வெளுத்துப்போய்ப் பாசிகளை இழந்தபோது, சாப்பாட்டை அதிகமாக்கி, அன்றாட ஆற்றல் தேவை முழுவதையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டது. 2006இல் வெளியான ஆய்வு இது. அதே சோதனையில் இருந்த மற்ற இனங்களால் அப்படிச் சமாளிக்க முடியல.

உயரம் வேற, உறுதி வேற

இப்போ, வளர்ச்சின்னா என்ன? இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. பவளத்தை வெட்டி எக்ஸ்ரே எடுத்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி அடர்த்தியான பட்டை, அடர்த்தி குறைந்த பட்டைன்னு மாறிமாறித் தெரியும். இவை ஆண்டுப் பட்டைகள்தான்னு 1972இல் உறுதியாச்சு. எப்படித் தெரியுமா? பசிபிக்கில் எனிவெடோக் தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தது. அதன் கதிரியக்கம் அங்கிருந்த பவளங்களின் கூட்டில் தேதி முத்திரை மாதிரி பதிந்திருந்தது. அதை வைத்துப் பட்டைகளை எண்ணிச் சரிபார்த்தார்கள்.

இந்தப் பட்டைகளில் ரெண்டு கணக்கு பார்க்கலாம். ஒரு வருஷத்தில் எவ்வளவு நீளம் ஏறியது, அது எவ்வளவு அடர்த்தி. ரெண்டையும் பெருக்கினால்தான் உண்மையில் எவ்வளவு சுண்ணாம்பு சேர்ந்ததுன்னு தெரியும். சிமெண்டைக் குறைச்சு மணலை அள்ளிப்போட்டு மாடி எழுப்பினாலும் வெளியிலிருந்து பார்க்க உயரமாத்தானே தெரியும்?

கிரேட் பேரியர் ரீஃபின் தென்பகுதியில் ஒன் ட்ரீ தீவுன்னு ஒண்ணு இருக்கு. 1990களில் அங்கே உரச்சத்தை வேண்டுமென்றே தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் கூடிய இடங்களில் பவளம் வேகமாக நீண்டது. ஆனா அடர்த்தி குறைந்து, எளிதில் உடையக்கூடியதாகிவிட்டது. இதைக் கவனிக்கணும். தீனி வேற, உரம் வேற. வயலிலிருந்து வழிந்துவரும் உரமும் சாக்கடைக் கழிவும் பவளத்துக்குச் சாப்பாடு ஆகாது. போதாததுக்கு, அவை கடற்பாசிகளை வளர்த்துவிட்டுப் பவளத்தின் இடத்தையும் பறிக்கும்.

தண்ணீர் கெட்டால் தீனி என்ன செய்யும்?

சூடு ஓரளவு ஏறும்வரை கூடு கட்டும் வேகமும் ஏறும். ஒரு எல்லையைத் தாண்டினால் சரிவுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பாசிகள் வெளியேறத் தொடங்கிவிடும். வண்டல் கலங்கினால் வெளிச்சம் குறையும். கோனியாஸ்ட்ரியா ரெட்டிஃபார்மிஸ் போன்ற சில இனங்கள் கலங்கலில் மிதக்கும் துகள்களைத் தின்றே ஈடுகட்டிவிடும். போரைட்டஸ் சிலிண்டிரிக்காவால் அது முடியாது.

அடுத்து அமிலமாதல். நாம வெளியிடும் கரியமில வாயு கடலில் கரைய, தண்ணீரின் பிஹெச் இறங்குது. முன்னே சொன்ன மோட்டார் இன்னும் அதிகமாக உழைக்கணும். போரைட்டஸ் பவளங்களில் இதன் அடி நீளத்தின் மேல் அவ்வளவாக விழாது, அடர்த்தியின் மேல்தான் விழும்னு 2018இல் ஒரு ஆய்வு காட்டியது. அதாவது உயரம் ஏறும், உள்ளே பொத்தலாகும். அதே ஒன் ட்ரீ தீவில் இன்னொரு குழு எதிர்த்திசையில் சோதித்தது. தண்ணீரில் காரம் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் வந்த முடிவின்படி, பாறையில் சுண்ணாம்பு சேர்வது சுமார் 7 சதவீதம் கூடியது. அப்படின்னா நாம ஏற்கெனவே அவ்வளவு இழந்திருக்கோம்னு அர்த்தம்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்தது முக்கியமான காரணம். உருண்டைப் பவளங்கள் வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அரை மீட்டர் பாளத்தைப் பெயர்த்தால் போனது 50 வருஷ உழைப்பு. மிச்சமிருப்பது உள்ளே பொத்தலானால், வெட்டாமலேயே அலைக்கு உடைஞ்சுபோகும்.

அதனால் நேயருக்கு என் முழுப் பதில் இதுதான். தீனி பவளத்தை வளர்க்கும், நோயிலிருந்து எழவும் வைக்கும். ஆனா கெட்ட தண்ணீருக்குத் தீனி மாற்று ஆகாது. கடலில் நாம ஊட்டிவிடவும் முடியாது, அதை நீரோட்டமே பார்த்துக்கும். நம்ம பங்கு தண்ணீரைத் தெளிவாக, சூடேறாமல் வைத்திருப்பது. இனி ஒரு பாறை நல்லா வளருதுன்னு யாராவது சொன்னால், எவ்வளவு உயரம்னு மட்டும் கேட்காதீங்க. எவ்வளவு அடர்த்தின்னும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்விகளைத் தொடர்ந்து அனுப்புங்க.