முதுகில் சிலுவை, வயிற்றில் நூல்

ஐரோப்பியத் தோட்டங்களில் வட்ட வலை பின்னும் ஒரு சிலந்தி உண்டு. முதுகில் பளிச்சென்று வெள்ளைச் சிலுவை! யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. குவானின் என்ற கழிவுப் பொருள் தோலுக்கடியில் தேங்கி அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதைவிட அதிசயம் அதன் வேலை. கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு மாதிரி, மேல் கீழ் அறியவும் நூலின் தடிமனைக் கணக்குப் பண்ணவும் இதற்குத் தன் உடல் எடைதான் கருவி. எடையே தெரியாத இடத்தில் என்ன பண்ணும்? கேட்டவர் விஞ்ஞானி இல்லீங்க. ஜூடித் மைல்ஸ் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி, நம்ம வயசுதான்! 1973-இல் அரபெல்லா, அனிட்டா என்ற இரண்டு சிலந்திகள் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போயின. அரபெல்லாவின் முதல் வலை ஒரே கோணல்மாணல். சீக்கிரமே ஒழுங்கான வட்ட வலை பின்னிவிட்டது! நூல் மட்டும் பூமியில் பின்னியதைவிட மெல்லிசு, ஒரே சீராகவும் இல்லை. இரண்டுமே உயிரோடு திரும்பவில்லை, பாவம்.