வத்தல்மலையும் மூன்று அண்ணன் தம்பிகளும்

தருமபுரி நகருக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறது வத்தல்மலை. காப்பியும் மிளகும் விளையும் இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது இம்மக்களிடையே வழங்கும் பழங்கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

மலையடிவாரச் சீமையின் பழமை இந்தப் பழங்கதைக்கும் வெகு முந்தையது. தருமபுரி மாவட்டம் மோதூரில் 2004-05-இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் தடயங்கள் கிடைத்தன. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது.

ஆநிரை காக்கப் போரிட்டு மாண்டவர்களுக்கு நடுகல் நட்ட பூமி இது. அருகிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுவை, அதாவது கால்நடைக் கூட்டத்தை, காத்து இறந்த வீரனோடு, அவனது நாயான கோவிவனும் அதில் இடம்பெற்றிருக்கிறது. கள்வர் இருவரை அந்த நாய் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டே சொல்கிறது. வாயில்லா ஜீவனின் பெயரையும் மறக்காமல் பொறித்த அந்த ஊராரை எவ்வளவு போற்றினாலும் தகும்!

தருமபுரிப் பகுதி நடுகற்களை நேரில் காண விரும்புவோர், தருமபுரி நகரிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குச் செல்லலாம்.