இத்தாலி கடற்கரை ஒயினுக்கும் கரூருக்கும் என்ன சம்பந்தம்? தொட்டுக்கொள்ள என்ன?

வெண்ணந்தூரில் இருந்து ராசிபுரம், நாமக்கல் தாண்டி, காவிரியைக் கடந்தால் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தது பலருக்கும் தெரியும். ஆனா, ரோமானிய வணிகத்தில் காசோடு ஒயினும் வந்தது தெரியுமா? வாங்க, விரிவா பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் தென்மேற்குக் கடற்கரையில், நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதி கம்பானியா. வெசுவியஸ் எரிமலை இருக்கும் இடம். அங்கே தயாரான ஒயினை, இரண்டு கைப்பிடி வைத்த 'ஆம்போரா' எனும் மண் ஜாடிகளில் அடைத்தார்கள். எகிப்து வழியாகச் செங்கடலுக்கு வந்து, பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் முசிறி வரை வந்தன.

எப்படித் தெரியும்?

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், கேரளாவின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் ஆம்போரா துண்டுகள் கிடைத்தன. கம்பானியா ஜாடியின் மண்ணில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கும். அந்தக் கறுப்புப் புள்ளிகளே ஊர் அடையாளம்!

யார் குடிச்சாங்க?

முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' எனும் கடல் வணிகக் கையேடு, முசிறிக்கு ஒயின் வந்தாலும் அளவு குறைவு என்கிறது. அதனால் இது எல்லோருக்குமான பானம் இல்லை. யவனர் தந்த மணமான தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார் (புறநானூறு 56). சாதாரண மக்களுக்கு? நம்ம ஊர் கள்தான்.

தொட்டுக்கொள்ள என்ன?

ரோமானியர்கள் ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். சாப்பாட்டில் முக்கியமானது 'கரும்' எனும் மீன் சாறு. மீனை உப்பில் ஊறவைத்து எடுப்பது. நம்ம கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். மீன் சாறு வந்த ஜாடிகளின் துண்டுகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. இன்றும் கம்பானியாவின் சேத்தாரா கடற்கரை ஊரில் நெத்திலியை உப்பில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். அந்தப் பகுதியின் 'ஃபலாங்கினா' வெள்ளை ஒயினுக்கு மீன், கணவாய் வகைகள்தான் ஜோடி.

சுவாரசியம் இதுதான்: ஒயின் இங்கே வந்தது, மிளகு அங்கே போனது. அபிசியஸ் பெயரில் உள்ள ரோமானியச் சமையல் நூலின் முதல் குறிப்பே தேன், மிளகு சேர்த்த ஒயின்! அதாவது, சேரநாட்டு மிளகு அவர்கள் கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது.

ஏன் இது முக்கியம்?

அமராவதி காசுகளில் பல, ஆய்வாளர் கண்ணில் படும் முன்பே வியாபாரிகள் கைக்குப் போயின. எந்த இடத்தில், எதோடு கிடைத்தது என்ற தகவலும் அதோடு போச்சு. காசுக்காவது விலை உண்டு. ஓட்டை யாரும் எடுத்துக்கூட வைப்பதில்லை. ஆனா, இந்த ஒயின் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிய வந்ததே உடைந்த ஓட்டால்தான்.

அதனால கிணறு வெட்டும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ தடித்த பழைய ஜாடித் துண்டு கிடைத்தால் வீசிடாதீங்க. கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்க.